சட்டத்துக்குள் யார் முகம்?

போன நவம்பரில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு விவாதம். விவாதம் என்பது பெரிய வார்த்தை. டீ வருகிற வரைக்கும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரீடா காலோ தன்னைத்தானே வரைந்த ஒரு படம் நியூயார்க் ஏலத்தில் 54.7 மில்லியன் டாலருக்கு விற்றதாகச் செய்தி. ஒரு பெண் வரைந்த எந்தப் படமும் அதுவரை ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. எங்களில் கணக்குப் புலி ஒருவர் உண்டு. உடனே பெருக்கிப் பார்த்து, "கிட்டத்தட்ட 485 கோடி ரூபாய்!" என்றார்.

பக்கத்தில் இருந்த நண்பர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தன் மூஞ்சியைத் தானே வரைஞ்சதுக்கா இவ்வளவு காசு? இது கலை இல்லை மேடம், தற்பெருமை. நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாராச்சும் இப்படி உக்காந்து தன்னையே வரைஞ்சுக்கிட்டு இருப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். கொஞ்சம் காரமாக இருக்கும். காரத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னது சாப்பாட்டில் மட்டும்தான்.

முதலில் அந்த விலை போன படத்தைப் பார்ப்போம். 1940-ல் வரைந்தது. பெயர் 'கனவு', 'கட்டில்' என்றும் சொல்வார்கள். வானத்தில் மிதப்பது போல ஒரு கட்டில். அதில் ஃபிரீடா போர்த்திக்கொண்டு தூங்குகிறார். போர்வை மேல் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. கட்டிலின் மேற்கட்டியில் ஒரு எலும்புக்கூடு படுத்திருக்கிறது. அதன் கையில் பூங்கொத்து. உடம்பில் வெடி சுற்றியிருக்கிறது.

ஆமாம், வெடிதான். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மெக்சிகோவில் காகிதக் கூழால் யூதாஸ் பொம்மை செய்து, பட்டாசு கட்டி, தெருவில் தொங்கவிட்டு வெடிப்பார்கள். நாம் நரகாசுரன் பெயரைச் சொல்லி வெடிக்கிறோம், அவர்கள் யூதாஸ் பெயரைச் சொல்லி வெடிக்கிறார்கள். அந்த மாதிரி எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்றை ஃபிரீடா நிஜமாகவே தன் கட்டிலுக்கு மேலே வைத்திருந்தார். அந்த நாட்டுக்கும் ஒரு சிவகாசி உண்டு. துல்தெபெக் என்று பெயர். 2016 டிசம்பர் 20-ம் தேதி அங்கே பட்டாசுச் சந்தை வெடித்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

தலைக்கு மேலே வெடியை வைத்துக்கொண்டு தூங்குகிற பெண்! இந்தப் படத்துக்கு உரை எழுத வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. விடியற்காலையில் தூக்குவாளியோடு கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிற வெம்பக்கோட்டைப் பெண்ணிடம் காட்டினால் போதும். ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வாள். புரியாமல் சிரித்தது, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குகிற நாம்தான்.

ஆனால் என் வழக்கு இந்தப் பெரிய படத்தைப் பற்றியது இல்லை. அதே ஃபிரீடா 1938-ல் செய்த சின்னப் படம் ஒன்றைப் பற்றியது.

அது ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடப் பெரிதில்லை. செய்த விதமே வேறு. முகத்தை அலுமினியத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்திருக்கிறார். பின்னணி நீலம். தலையில் நம் கேந்திப்பூ மாதிரி மஞ்சள் பூ. இதற்கு மேலே ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் பூவும் பறவையும் பளிச்சென்ற நிறத்தில், தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்தைப் போல, பின்பக்கத்திலிருந்து தீட்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பூவேலை உயர்ந்த கலைக்கூடத்துச் சரக்கு இல்லை. சந்தையில் கிடைக்கிற நாட்டுப்புறக் கைவேலை. நம் ஊர்த் திருவிழாக் கடையில் ஜிகினா ஒட்டிய சாமி படமும் முகம் பார்க்கும் கண்ணாடியும் விற்குமே, அந்த ரகம். தகடு, எண்ணெய் வண்ணம், கண்ணாடி, சந்தைப் பூவேலை என்று நாலு பொருளைச் சேர்த்துச் செய்த படம். இந்தக் காலத்தில் இதைக் 'கலப்பு ஊடகம்' என்கிறார்கள். நம் அம்மாக்கள் 'ஒட்டு வேலை' என்றிருப்பார்கள்.

1939 மார்ச்சில் பாரீசில் மெக்சிகோ பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அப்போது பிரெஞ்சு அரசாங்கம் இதை வாங்கிக்கொண்டது. இப்போது பாரீசின் பாம்பிடூ மையத்துச் சேகரிப்பில் இருக்கிறது.

படத்தின் பெயர் பிரெஞ்சில் 'ல காத்ர்'. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். அப்பா காலமானபின் அம்மா எங்களைத் தன் பிறந்த ஊரான விருதுநகருக்குக் கூட்டிவந்தார். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒருவர் "நீங்க எந்த கேடர்மா?" என்று கேட்டார். நான் முழித்தேன். எனக்குத் தெரிந்த 'காத்ர்' என்றால் படச் சட்டம். இவர் ஏன் எந்தச் சட்டம் என்று கேட்கிறார்? பிறகுதான் தெரிந்தது, அது அதே சொல்தான். உத்தியோக வரிசையும் ஒரு சட்டகம்தானே. தமிழில் இன்னும் விசேஷம். படத்துக்கும் சட்டம், சர்க்காருக்கும் சட்டம். யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிப்பதற்கு நாம் வைத்த பெயர் சட்டம்.

இப்போது உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். சட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்? சாமி இருக்கும். தலைவர் இருப்பார். செத்தவர் இருப்பார், பிளாஸ்டிக் மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் போட்டு. கல்யாணப் படம் ஒன்று இருக்கலாம். உயிரோடு நடமாடுகிற ஒரு சாதாரணப் பெண், தனியாக, தன் விருப்பப்படி, எந்தச் சுவரில் இருக்கிறாள்?

இத்தனைக்கும் பெண் முகத்துக்குப் பஞ்சமான ஊரா இது? இந்தியா முழுவதற்கும் பெண் முகத்தை அச்சடித்து அனுப்பிய ஊர் சிவகாசி. 1923-ல் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வளர்ந்தது. பட்டாசும் காலண்டரும் சேர்ந்துகொண்டன. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் மீனாட்சியும் இங்கே அச்சாகித்தான் நாடெங்கும் பூஜை அறைக்குள் போனார்கள். அவர் பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் லட்சுமியைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். அவருக்குப் பல சீடர்கள். எனக்குத் தெரிந்த பெயர்களில் ஒரு பெண்ணும் இல்லை.

வரைந்தது ஆண். அச்சகம் ஆணுடையது. உள்ளே இருப்பது பெண். ஒட்டியதும் எண்ணியதும் கட்டியதும் பெண். லட்சுமி வெடியை நினைத்துப் பாருங்கள். லேபிளில் ஒரு சிவந்த முகம், நகை, புன்னகை. அந்த லேபிளைச் சுற்றி ஒட்டியவளின் கைவிரல் அலுமினியப் பொடியில் வெள்ளி நிறமாக இருக்கும். அவள் முகம் எந்த லேபிளிலும் இல்லை. தீக்குச்சியை வரிசையாக மரச் சட்டத்தில் அடுக்குவதைக் கட்டை அடுக்குவது என்போம். எங்கள் பக்கத்துப் பெண்கள் சட்டத்தோடு சிறுவயதிலிருந்தே பழகியவர்கள்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் குச்சிக்குத்தான் இடம்.

அவர்கள் எப்போது படச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1985-ல் ராமநாதபுரத்திலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்து காமராஜர் பெயரில் வந்தது. அதற்குப் பிறகு சில வருடங்கள் நான் பார்த்த இருக்கையில் விபத்து நிவாரணக் கோப்புகள் வரும். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆரம்பித்தது 1993-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் கிராமத்தில் எத்தனையோ பெண்கள் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமலே வாழ்ந்து முடித்தார்கள். கோப்பில் இறந்தவரின் படம் இருந்தால் நல்லது என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். நானும் கேட்டு வாங்குவேன்.

ஒருமுறை ஒரு பெண் பிள்ளை வந்தது. பதினைந்து வயது இருக்கும். சரவெடி பின்னுகிற இடத்தில் தீப்பிடித்து அதன் அம்மா போய்விட்டாள். வீட்டில் அவள் படம் கிடையாது. உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றில் ஓரமாக, யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகத்தோடு நின்றிருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் அந்தப் பாதி முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி, மறுபாதியைக் கையால் போட்டு, நிறத்தை வெளுப்பாக்கி, கழுத்தில் ஒரு சங்கிலியும் வரைந்து கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. துக்க வீட்டுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அந்தப் பிள்ளை படத்தை மேசையில் வைத்தது. வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. "அக்கா, இது எங்கம்மா இல்லக்கா" என்றது. "எங்கம்மா கறுப்பா இருப்பாங்க. நெத்தியில தழும்பு இருக்கும். சங்கிலியெல்லாம் கிடையாது" என்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லம்மா, ஃபைலுக்குத்தானே" என்றேன். 'புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் குண்டூசி குத்தினேன். பணம் வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த வகையில் என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குவது யார்? வாழ்நாள் முழுவதும் லட்சுமிக்கு லேபிள் ஒட்டியவள் செத்தபிறகு, அவள் முகத்தையும் அரைகுறை லட்சுமியாக்கிச் சட்டத்தில் போட்டோம். அதில் என் குண்டூசியும் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் குறைந்தது 20 பேர் போனார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பேப்பரில் கட்டம் கட்டமாக முகங்கள் வரும்போது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பேன். அட்டைப் படங்கள். விறைத்த கழுத்து. யாரோ "இங்க பாரும்மா" என்று அதட்ட, பார்த்த பார்வை. அந்த முகத்தை அவர்களில் ஒருத்திகூடத் தானாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள்.

இப்போது என் நண்பரின் 'தற்பெருமை'க்கு வருகிறேன்.

ஃபிரீடாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு புருவமும் கூடியிருக்கும். மேல் உதட்டில் மீசை மயிர் தெரியும். ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. வேண்டுமென்றே அழுத்தி வரைந்தார். அவர் அப்பா புகைப்படக்காரர். படத்தைத் திருத்தி அழகாக்குவது எப்படி என்று தெரியாத வீட்டில் அவர் பிறக்கவில்லை. தற்பெருமைக்காரி மீசையை மறைப்பாள். நம் ஸ்டுடியோ சங்கிலி வரைந்தது, ஃபிரீடா மீசை வரைந்தார். இரண்டில் எது பெருமைக்குச் செய்தது, எது உண்மைக்குச் செய்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

தன் முகத்தைத் தானே வைப்பது பாவம் என்றால், முதல் பாவி யார்? ரெம்பிராண்ட் டஜன் கணக்கில் தன்னை வரைந்தார். அவரை ஞானி என்கிறோம். மதுரை புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தானே சிலையாக நிற்கிறார். பக்திமான் என்கிறோம். அவ்வளவு தூரம் ஏன்? ட்யூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' என்று பெயர் எழுதுகிற ஊர் இது. பேத்தி காதுகுத்துக்கு ஆளுயர ஃப்ளெக்ஸில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற தாத்தாக்களை நமக்குத் தெரியாதா? என் நண்பரின் அறுபதாம் கல்யாண ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்து நாள் இருந்தது. நானும் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டவள்தான். அதை யாரும் தற்பெருமை என்று சொல்லவில்லை. பெண் தன் கையால் ஒரு நோட்டுப் புத்தக அளவில் செய்தால் மட்டும் அந்த வார்த்தை வருகிறது.

நம் பக்கத்துச் சங்கதி இன்னொன்று. அய்யாவழிக்காரர்கள் வணங்கும் சாமித்தோப்பிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பார்கள். கும்பிடப் போகிறவன் அதில் தன்னைப் பார்க்கிறான். குனிந்து நட என்று சொல்லப்பட்ட ஜனங்களுக்கு, கடவுளின் இடத்தில் உன் முகம் இருக்கிறது, நிமிர்ந்து பார் என்று சொன்ன ஏற்பாடு அது. அங்கே போய் யாரும் தற்பெருமை என்று சிரிக்க முடியுமா? ஃபிரீடா செய்ததும் அதுதான். சாமி படத்துக்கும் கண்ணாடிக்கும் என்று சந்தையில் செய்து வைத்த பூச்சட்டத்துக்குள் தன் முகத்தை வைத்தார்.

நம் நாட்டிலேயே ஒருத்தி இருந்தார். அம்ரிதா ஷெர்கில். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பாரீசில் படித்து, 1941-ல் லாகூரில் 28 வயதில் இறந்துபோனவர். 1934-ல் தன்னையே தஹிதி தீவுப் பெண்ணாக வரைந்தார். அந்தத் தீவுப் பெண்களை கோகென் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்து பெயர் வாங்கியிருந்தார். மாநிறப் பெண் என்றால் வெள்ளைக்கார ஆண் பார்த்து வரைவதற்கு என்றிருந்த இடத்தில், அம்ரிதா தன் மாநிற உடம்போடு தானே போய் நின்றார். பின்னால் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1976-ல் அவர் படங்களை நம் அரசாங்கம் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. செல்வம் என்று அறிவித்தோம், சரி. பாடத்தை எடுத்துக்கொண்டோமா?

அடுத்து, படித்தவர்கள். இவர்கள் சிரிக்க மாட்டார்கள். அகராதி எடுப்பார்கள். மஞ்சள் பூ என்றால் மரணம், பறவை என்றால் ஆன்மா, நீலம் என்றால் தனிமை. கனவுக்குப் பலன் சொல்லும் புத்தகம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். எல்லாவற்றையும் கூட்டி, 1925-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பு முறிந்தது, புருஷன் துரோகம் செய்தான், ஆகவே வரைந்தாள் என்று கோப்பை முடித்துவிடுவார்கள். விபத்து நடந்தது உண்மை. வலி உண்மை. படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் அம்மா கட்டிலுக்கு மேலே கண்ணாடி பொருத்திக் கொடுத்ததும் உண்மை. ஆனால் வலி எல்லோருக்கும்தான் இருக்கிறது. வலி தானாகத் தகட்டை வெட்டி, அளவெடுத்து, கண்ணாடியைப் பொருத்தி வைக்காது. அது கை செய்த வேலை. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு இரண்டாவது. முதல் அர்த்தம் சட்டத்தில்தான் இருக்கிறது. படத்துக்கு அவர் 'முகம்' என்று பெயர் வைக்கவில்லை, 'சட்டம்' என்றுதான் வைத்தார். அதைப் படிக்காமல் பூவையும் குருவியையும் எண்ணிக்கொண்டிருப்பது, உத்தரவைப் படிக்காமல் முத்திரையை ரசிப்பது போல.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ப்ரெத்தோன் இவர் கலையைப் பாராட்டும்போது, வெடிகுண்டைச் சுற்றிக் கட்டிய ரிப்பன் என்ற பொருளில் சொன்னார். உலகமே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. படித்த பிரெஞ்சுக்காக நான் அவர்கள் பக்கம் பேச வேண்டும். முடியவில்லை. வெடிக்குக் கலர் காகிதம் சுற்றுவதைத் தொழிலாக வைத்திருக்கும் மாவட்டத்தில் இருந்து சொல்கிறேன்: சுற்றுகிறவளுக்கு அது உவமை இல்லை. கூலி. குண்டையும் ரிப்பனையும் பார்த்து வியந்தவர், கட்டிய விரலைப் பார்க்க மறந்துவிட்டார். அந்த விரல் எனக்குத் தெரிந்த விரல்.

என் கட்சிக்கு எதிராக ஒன்று சொல்ல முடியும். நானே சொல்லிவிடுகிறேன். இன்று ஃபிரீடாவின் முகம் துணிப்பை, டீ கோப்பை, சட்டை எல்லாவற்றிலும் வந்துவிட்டது. 2018-ல் பொம்மையாகக்கூட விற்றார்கள், புருவத்தைக் கொஞ்சம் மெலிதாக்கி. கடைசியில் அவரும் காலண்டர் லட்சுமியாகத்தானே ஆனார் என்று கேட்கலாம். ஆனார்தான். அந்த 485 கோடியில் அவருக்கு ஒரு பைசா கிடையாது என்பதும் உண்மை. செத்து எழுபது வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். நாளைக்கு யார் எத்தனை சங்கிலி வரைந்தாலும், "இது அவள் இல்லை" என்று சொல்ல அவர் கையாலேயே போட்ட முகம் சாட்சியாக இருக்கிறது. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. அதன் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது. அதையும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எனக்கு ஒரு கோரிக்கை உண்டு.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஓவியப் போட்டி அடிக்கடி நடக்கிறது. நம் சங்கமும் பரிசு கொடுக்கிறது. தலைப்பு என்ன? தேசத் தலைவர்கள், மரம் வளர்ப்போம், தண்ணீரைச் சேமிப்போம், விபத்தில்லாத் தீபாவளி. எல்லாம் நல்ல தலைப்புகள்தான். பிள்ளைகளும் வருஷா வருஷம் அதே காந்தியையும் அதே மரத்தையும் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்த வருஷம் ஒரு தலைப்பைச் சேர்ப்போம்: 'நான்'. ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, பார்த்து வரையச் சொல்வோம். சுற்றிலும் ஒட்டுவதற்கு மிச்சமான லேபிளும் ஜிகினாக் காகிதமும் நம் ஊரில் கிடைக்காதா? தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பிள்ளையிடம் ஒட்டு வேலை கற்றுத் தர ஆசிரியர்கூட வேண்டாம். கறுப்பு முகத்தைக் கறுப்பாக, தழும்பைத் தழும்பாக வரைகிற பிள்ளைக்குப் பரிசு கொடுப்போம். பரிசுப் பணம் என் பென்ஷனில் தருகிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். நண்பர் வழிமொழிய வேண்டும்.

கூடவே வீட்டில் இருக்கும் என் வயதுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பேரன் செல்போனில் எடுக்கிறானே, அது அவன் பார்த்த நீங்கள். நீங்கள் பார்த்த நீங்கள் எங்கே?

கேட்பதற்கு எனக்கு என்ன யோக்யதை என்று யோசித்தேன். பாண்டிச்சேரிப் பள்ளியில் பத்து வயதில், பூச்சாடியை வரையச் சொன்ன வகுப்பில், அதன் பளபளப்பில் தெரிந்த என் முகத்தையும் சேர்த்து வரைந்துவிட்டேன். டீச்சர் அதைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டி, கர்வம் ஏழு பாவங்களில் முதலாவது என்றார். அதற்குப்பின் பென்சிலைத் தொட்டது கோப்பில் குறிப்பு எழுதத்தான். அறுபத்தைந்து வருடம் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை, கிழித்த நவம்பர் மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டேன். நல்ல வழவழப்பான சிவகாசித் தாள். தலை வாரும் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, கணக்குப் போடுறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன்.

மூக்கு சரியாக வரவில்லை. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. கழுத்துச் சுருக்கம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. ஒன்றையும் அழிக்கவில்லை. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு, பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நண்பர் வீட்டுக்கு வரும்போது பார்க்கலாம். அவருக்கு டீ உண்டு.